தாவரச் செல்லைப் பிள்ளைகள் கையால் செய்து அறிய நல்ல மாதிரி எது?

வினா: நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு அறிவியல் கற்பித்து வருகிறேன். ஆறாம் வகுப்பில் இந்த ஆண்டு 34 பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த பருவத்தில் செல் பாடம் தொடங்க இருப்பதால், அதற்கு முன் அனுபவமுள்ள ஆசிரியர்களிடம் ஆலோசனை கேட்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு தாவரச் செல் மாதிரி ஒன்றை வீட்டில் செய்து வருமாறு பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஏறக்குறைய எல்லாரும் தெர்மாகோல் அட்டையில் பச்சை வண்ணம் பூசி, வண்ணக் களிமண்ணை ஒட்டி, குண்டூசியில் பெயர்ச்சீட்டு குத்திக் கொண்டுவந்தார்கள். பார்வைக்கு மிக அழகாக இருந்தது. ஆனால் அவற்றில் பலவற்றைப் பெற்றோரோ மூத்த சகோதரிகளோ செய்து கொடுத்திருந்தார்கள், சிலவற்றைக் கடையில் வாங்கியிருந்தார்கள். அந்தச் செலவு எங்கள் ஊர்ப் பெற்றோருக்குச் சிறியதல்ல என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. மாதிரிகளைச் சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு, "வேப்பிலைக்குள் இருக்கும் செல் தட்டையாக இருக்குமா, உருண்டையாக இருக்குமா?" என்று கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் "தட்டையாக இருக்கும், டீச்சர்" என்றது. செல்சுவருக்கும் செல்சவ்வுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டதற்கு, வெளிக்கோடு செல்சுவர், உள்கோடு செல்சவ்வு என்று ஒரு மாணவன் சொன்னான். அவன் பார்த்த படத்திலும் செய்த மாதிரியிலும் அவை இரண்டு கோடுகளாகத்தான் இருந்தன என்பதால் அவனைக் குறை சொல்வதற்கில்லை. செல்லின் நடுவே சாறு நிறைந்த பையாக இருக்கும் நுண்குமிழ் என்பது ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு நீலப் பொட்டு என்றே பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள்.

இந்த ஆண்டு பிள்ளைகளே வகுப்பறையில் அமர்ந்து, வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, தெர்மாகோல் இல்லாமல் மாதிரியைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். பள்ளியில் ஒரே ஒரு கூட்டு நுண்ணோக்கி இருக்கிறது, அது வேலை செய்கிறது. 45 நிமிடப் பாடவேளைகளில் நான்கைந்தை இதற்கு ஒதுக்க முடியும். இணையத்தில் பார்த்த ஜெல்லி மாதிரி ஒன்றை வீட்டில் முயன்றேன். அரை மணி நேரத்துக்குள் அது உருகிப் பாயசமாகிவிட்டது. எந்தப் பொருளை எதற்குப் பயன்படுத்தலாம், எந்த வரிசையில் கற்பிக்கலாம் என்று வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: பட்டதாரி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

வணக்கம் டீச்சர். உங்கள் வகுப்பில் நடந்தது என் வகுப்பிலும் பல ஆண்டுகள் நடந்தது. மாதிரியை முதலில் செய்யச் சொன்னதுதான் என் தவறு என்று பின்னர் புரிந்துகொண்டேன். செல்லைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு மாதிரி என்பது புத்தகப் படத்தின் நகலாக மட்டுமே இருக்கும். ஆகவே முதல் பாடவேளையை வெங்காயத்துக்கும் இரண்டாம் பாடவேளையை ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடிக்கும் கொடுத்துவிடுங்கள்.

பல்லாரி வெங்காயத்தை நான்காக வெட்டி, சதைப்பற்றுள்ள ஓர் இதழை எடுத்து, அதன் உட்குழிவான பக்கத்திலிருந்து தோலை உரித்தால் கண்ணாடித்தாள் போன்ற படலம் வரும். அது ஒரே ஒரு செல் அடுக்கு என்பதால் ஒளி நன்றாக ஊடுருவும். உரித்தவுடன் அதைத் தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் சுருண்டுகொள்ளும். சாப்ரனின் என்னும் சிவப்புச் சாயம் இருந்தால் ஒரு சொட்டு போதும். இல்லாவிட்டால் மருந்துக்கடை அயோடின் கரைசலைத் தண்ணீரில் நன்றாக நீர்த்துப் பயன்படுத்தலாம், உட்கரு பழுப்பாகத் தெரியும். மேலே மூடும் மெல்லிய கண்ணாடி வில்லையை ஒரு பக்கம் ஊன்றிச் சாய்த்து மெதுவாக இறக்கினால் காற்றுக் குமிழி சிக்காது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கறுத்த விளிம்புடன் வட்டமாகத் தெரியும் காற்றுக் குமிழியைப் பிள்ளைகள் ஆர்வத்தோடு வரைந்து, அதுதான் செல் என்று எழுதிவிடுவார்கள். முதல் நாளிலேயே ஒரு குமிழியை வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டி, இது செல் அன்று என்று சொல்லிவிடுவது நல்லது.

34 பேருக்கு ஒரு நுண்ணோக்கி போதாது. ஒரு குழு நுண்ணோக்கியில் பார்க்கும்போது மற்றக் குழுக்கள் தோல் உரிப்பது, வரைவது என்று வேலையில் இருக்கும்படி பிரித்துக்கொள்ளுங்கள். மனு பிரகாஷும் அவருடைய ஸ்டான்போர்டு குழுவினரும் வடிவமைத்த ஃபோல்டுஸ்கோப் என்னும் காகித நுண்ணோக்கி கிடைத்தால் அதுவும் பெரிதும் உதவும். ஏறக்குறைய 140 மடங்கு உருப்பெருக்கம் தருவதால் வெங்காயச் செல்லும் உட்கருவும் அதில் நன்றாகத் தெரிகின்றன.

ஹைட்ரில்லா உங்கள் பகுதி வாய்க்கால்களிலேயே கிடைக்கும். அதன் இலை பெரும்பாலும் இரண்டே செல் அடுக்குகளால் ஆனது, ஆகவே வெட்டாமல் ஓர் இளம் இலையை அப்படியே வைத்துப் பார்க்கலாம். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகங்கள் பச்சைப் பொட்டுகளாகத் தெரியும். செடி சிறிது நேரம் வெளிச்சத்தில் இருந்திருந்தால், அந்தப் பொட்டுகள் செல்லின் ஓரமாக வரிசைபிடித்து நகர்வதையும் காணலாம். சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சார், உள்ளே ஊர்வலம் போகிறது" என்றாள். நடுவில் ஏன் எதுவும் போகவில்லை என்று கேட்டேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "நடுவில் ஏதோ இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது" என்று பதில் சொன்னாள். நுண்குமிழைப் பற்றி நான் அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் மாதிரி. என் வகுப்பில் செருப்புப் பெட்டியில் செய்கிறோம். பெட்டியின் நீளம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். இலையின் உட்பகுதியில் உள்ள ஒரு செல்லின் நீளத்தை 60 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கொண்டால், நாம் அதை 5000 மடங்கு பெரிதாக்குகிறோம் என்று பொருள். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டு, மற்ற உறுப்புகளின் அளவையும் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்கிறேன். ஒரு மைக்ரோமீட்டர் இங்கே 5 மில்லிமீட்டர் ஆகிறது. பசுங்கணிகத்தின் விட்டம் சுமார் 5 மைக்ரோமீட்டர், ஆகவே அது இரண்டரைச் சென்டிமீட்டர் அகலமுள்ள வில்லை. உட்கரு ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர், அதாவது 5 சென்டிமீட்டர், ஒரு நல்ல எலுமிச்சம்பழம். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் அகலம் ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இருப்பதால் உரித்த நிலக்கடலைப் பருப்பு அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. புரதம் உண்டாக்கும் ரைபோசோமுக்குக் கோலமாவின் ஒரு துகளே போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது செல்சவ்வின் கணக்கு. அதன் தடிமன் 8 நானோமீட்டர் அளவில், அதாவது ஒரு மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு அளவில் இருக்கும். 5000 மடங்காக்கினால் 0.04 மில்லிமீட்டர் வருகிறது. பால் பாக்கெட்டின் தாளும் கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான். கழுவி உலர்த்திய பால் பாக்கெட்டுகளைப் பிரித்து, ஒட்டுநாடாவால் இணைத்து, பெட்டியின் உட்புறத்தில் விரித்தால் அதுவே செல்சவ்வு. அட்டைப்பெட்டி விறைப்பாக நிற்கிறது, பால் பாக்கெட் தாள் வளைந்து கொடுக்கிறது. இரண்டையும் விரலால் அழுத்திப் பார்த்த பிள்ளை, செல்சுவரையும் செல்சவ்வையும் இனி இரண்டு கோடுகள் என்று சொல்லாது.

இதே கணக்கில் மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் ஆகிறது, அதாவது பெட்டியைவிடப் பெரியது. ஒரு வெங்காயச் செல் ஒன்றரை மீட்டர் நீளமாகி, வகுப்பு பெஞ்சை நிறைத்துவிடும். 140 சென்டிமீட்டர் உயரமுள்ள மாணவி 7 கிலோமீட்டர் உயரம் ஆகிவிடுவாள். இந்தக் கடைசிக் கணக்கைப் போட்ட நாளில் வகுப்பு அமைதியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் கூச்சலை நான் அடக்கவும் இல்லை.

உங்கள் ஜெல்லி உருகியதற்குக் காரணம் அது ஜெலட்டினாக இருந்திருக்கும். ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே நம் ஊர் வெயிலில் அது நிற்காது. மளிகைக் கடையில் கிடைக்கும் கடல்பாசியை, அதாவது சைனா கிராஸை, வாங்குங்கள். அது 40 பாகை செல்சியஸுக்குக் கீழே வந்தவுடன் உறைந்துவிடும், மறுபடி உருக 85 பாகை அளவுக்குச் சூடு வேண்டும். அரை லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் போதுமானது. முற்றிலும் கரையும்வரை கொதிக்க வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் நீங்களே ஊற்றுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். பெட்டியின் அடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றினால் போதும், அதுதான் உட்கரு முதலிய உறுப்புகள் அமைந்திருக்கும் கூழான சைட்டோபிளாசம். சர்க்கரை சேர்த்துவிடாதீர்கள், எறும்பு வந்துவிடும்.

பசுங்கணிகத்துக்கு முருங்கைக்கீரையை அரைத்துக் கோதுமை மாவில் பிசைந்து வில்லைகளாகத் தட்டுகிறோம். பசுங்கணிகத்தைச் செய்வதற்கு உண்மையான பசுங்கணிகத்தையே அரைத்துச் சேர்க்கிறோம் என்று சொன்னால் பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் வியப்பை நீங்களே காண்பீர்கள். எல்லாம் உறைந்த பிறகு பெரிய பலூன் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, மீதி இடம் முழுவதும் நிறையும்வரை ஊதிக் கட்டிவிடுங்கள். அது நுண்குமிழ். பலூனை ஊதும்போது எலுமிச்சம்பழம் தானாக ஓரத்துக்குத் தள்ளப்படும். உட்கரு ஏன் ஓரத்தில் இருக்கிறது என்பதை நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர், மதுரை

வணக்கம். மேலே உள்ள ஆசிரியர் செய்முறையை மிகத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதோடு சேர்க்க வேண்டிய சில செய்திகளை மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது, எந்தத் தாவரத்தின் எந்தச் செல் என்ற கேள்வி. புத்தகங்களில் வரும் தாவரச் செல் ஒரு பொதுப்படம், அப்படி ஒரு செல் எந்தச் செடியிலும் அப்படியே கிடையாது. வெங்காய இதழின் தோலில் பசுங்கணிகமே இல்லை. நுண்ணோக்கியில் வெங்காயத்தைப் பார்த்துவிட்டு மாதிரியில் பச்சை வில்லைகளை வைக்கும் பிள்ளைக்கு, இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்ற கேள்வி எழ வேண்டும். எழாவிட்டால் ஆசிரியர்தான் எழுப்ப வேண்டும். ஆறு குழுக்கள் இருந்தால் ஆறும் ஒரே மாதிரியைச் செய்வதைவிட, ஒரு குழு வெங்காயத் தோல் செல்லையும், ஒரு குழு இலையின் உட்செல்லையும், ஒரு குழு வேர்த்தூவியையும், ஒரு குழு இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்களையும் எடுத்துக்கொள்ளட்டும். வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுசெல்லும் சைலக் குழாயை எடுத்துக்கொள்ளும் குழுவுக்கு வேலை மிகக் குறைவு. முதிர்ந்த சைலக் குழாயின் செல்கள் இறந்தவை, உள்ளே ஒன்றும் இருக்காது, சுவர் மட்டுமே நிற்கும். வெறும் குழாயை மேசைமீது வைத்துவிட்டு, உள்ளே ஏன் ஒன்றுமில்லை என்பதை அந்தக் குழு எழுந்து நின்று விளக்கினால், அதுவே வகுப்பின் மிக நல்ல மாதிரியாக அமையக்கூடும். 1665ஆம் ஆண்டு ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டு செல் என்று பெயரிட்டதும் இத்தகைய வெற்றுச் சுவர்களைத்தான். உட்கருவுக்கு ராபர்ட் பிரவுன் பெயரிட அதன் பிறகு 1831 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ஆர்க்கிட் செடியின் தோல் செல்களில் அதைக் கண்டார்.

காப்புச் செல்லுக்கு நீளமான இரண்டு பலூன்கள் போதும். ஒவ்வொன்றையும் சிறிதளவு ஊதி, ஒரு பக்கத்தில் நெடுக ஒட்டுநாடா ஒட்டுங்கள். காப்புச் செல்லில் துளையை நோக்கிய சுவர் தடித்திருப்பதற்கு அது ஈடாகும். ஒட்டிய பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டையும் இணைவைத்து, முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலும் ஊதினால், நாடா ஒட்டிய பக்கம் நீள முடியாமல் பலூன்கள் வில்லாக வளையும், நடுவில் துளை திறக்கும். காற்றை வெளியே விட்டால் துளை மூடும். உண்மையான செல்லில் சுவரிலுள்ள செல்லுலோஸ் இழைகளின் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு, ஆறாம் வகுப்புக்கு அந்த விவரம் தேவையில்லை.

இரண்டாவது, நுண்குமிழ். முதிர்ந்த தாவரச் செல்லில் அது கொள்ளளவில் 90 விழுக்காடு வரைகூட இருக்கக்கூடும். சைட்டோபிளாசம் சுவரோரம் ஒட்டிய மெல்லிய அடுக்குதான். இதைக் கண்ணால் காட்ட ஓர் எளிய வழி உண்டு. இளஞ்சிவப்பு நிறமுள்ள வெங்காய இதழின் வெளிப்பக்கத் தோலை உரித்து, சாயம் எதுவும் இடாமல் பாருங்கள். நிறம் செல் முழுவதையும் நிறைத்திருக்கும். அந்த நிறமி இருப்பது நுண்குமிழின் சாற்றில் என்பதால், நிறம் பரவியிருக்கும் இடமெல்லாம் நுண்குமிழே. பிறகு கண்ணாடி வில்லையின் ஓரத்தில் அடர்ந்த உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கத்தில் உறிஞ்சுதாளை வையுங்கள். சில நிமிடங்களில் நிறப்பகுதி சுருங்கிச் சுவரை விட்டு விலகும், சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும். செல்சுவரும் செல்சவ்வும் வெவ்வேறானவை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று பள்ளியில் காட்ட முடியாது. மேனிலை வகுப்புகளில் இதற்கு ரியோ என்னும் அழகுச்செடி இலையின் கருஞ்சிவப்பான அடிப்பக்கத் தோலைப் பயன்படுத்துவோம். வெங்காயமே உங்களுக்குப் போதும்.

பெட்டி மாதிரியிலும் இதையே செய்து காட்டலாம். பலூன் நன்றாக ஊதியிருக்கும்போது மூடியைக் கட்டிவிட்டு மேலே அழுத்தச் சொல்லுங்கள், மூடி உள்ளே அமுங்காது. காற்றைச் சிறிது வெளியேற்றிவிட்டு மறுபடி அழுத்தினால் அமுங்கும். காலையில் விறைப்பாக நின்ற கீரை மதியம் துவள்வதும், கீரைக்காரம்மா தண்ணீர் தெளித்தவுடன் மறுபடி நிமிர்வதும் இதனால்தான். தாவரத்துக்கு எலும்பு இல்லை. மரக்கட்டை உண்டாகாத இளந்தண்டும் இலையும் கீரையும் நிமிர்ந்து நிற்பது, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தண்ணீர் சுவரைத் தள்ளிக்கொண்டிருப்பதால்தான்.

மூன்றாவதாக ஒரு வேண்டுகோள். மாதிரியை முடித்த பிறகு, அது எங்கெங்கே உண்மையிலிருந்து விலகுகிறது என்று பிள்ளைகளிடம் ஒரு பட்டியல் எழுதி வாங்குங்கள். பெட்டி மாதிரியில் சைட்டோபிளாசம் அடியில் மட்டும் இருக்கிறது, செல்லில் அது சுற்றிலும் இருக்கும். நுண்குமிழில் காற்று இருக்கிறது, செல்லில் நீரும் கரைந்த பொருள்களும் இருக்கும். பால் பாக்கெட் எதையும் உள்ளே விடாது, செல்சவ்வு சிலவற்றை விடும், சிலவற்றைத் தடுக்கும். செருப்புப் பெட்டி தனியாக இருக்கிறது, இலையின் செல்லோ அண்டைச் செல்களோடு ஒட்டி, சுவர்களின் நுண்துளைகள் வழியே தொடர்புகொண்டிருக்கும். பிள்ளைகள் எழுதும் அந்தப் பட்டியலை நான் மாதிரியைவிடக் கூடுதலாக மதிப்பேன்.

கடல்பாசியைப் பற்றிச் சொன்னது மகிழ்ச்சி அளித்தது. அந்த அகார் சிவப்புக் கடற்பாசிகளின் செல்சுவரிலிருந்து எடுக்கப்படுவது. இராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகார் தயாரிப்பதற்கே போகிறது. சைட்டோபிளாசத்துக்குப் பதிலாக நாம் ஊற்றுவது வேறொரு கடல்தாவரத்தின் செல்சுவர்ப் பொருள் என்பதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுமொழி 3: சிறப்புப் பயிற்றுநர், திருச்சிராப்பள்ளி

வணக்கம். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளிகளில் உதவும் பணியில் இருக்கிறேன். தட்டையான தெர்மாகோல் மாதிரி என் பிள்ளைகளுக்குக் கொஞ்சமும் உதவியதில்லை. வண்ணத்தால் மட்டும் வேறுபடுத்திய உருண்டைகளை விரல் எப்படிப் பிரித்தறியும்? பெட்டி மாதிரியின் பயன் எங்களுக்கு மிகப் பெரியது.

ஒவ்வோர் உறுப்பும் தொடும்போது வேறுபடும்படி பொருளைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் வேண்டுகோள். வில்லைகளும் நிலக்கடலையும் எலுமிச்சையும் தொடுவதற்கு நன்றாகவே வேறுபடுகின்றன. செல்லுக்குள் மடிப்பு மடிப்பாக அமைந்த எண்டோபிளாச வலைக்கு மடித்து அடுக்கிய துணியை வைக்கலாம். சொரசொரப்பானது வேண்டுமென்றால் துணியின்மேல் பசை தடவி ரவையைத் தூவினால், ரைபோசோம் ஒட்டிய வலை கிடைத்துவிடும். அளவுக்கணக்கில் ரவை சற்றுப் பெரியதுதான், ஆனால் கோலமாவை விரல் உணராது.

நான் உதவும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், எலுமிச்சம்பழத்தை நெடுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, இதன் தோலில் குழி குழியாக இருக்கிறதே, உட்கருவிலும் இப்படி உண்டா?" என்று கேட்டான். உட்கரு உறையில் துளைகள் உண்டு, அவற்றின் வழியே பொருள்கள் உள்ளேயும் வெளியேயும் போய்வருகின்றன என்று சொன்னேன். கண்ணால் பார்த்த பிள்ளைகளில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, எல்லாப் பிள்ளைகளையும் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு மாதிரியைத் தொட்டு உறுப்புகளைச் சொல்லுமாறு கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். பலூனுக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் சிலர் இருப்பார்கள் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

மறுமொழி 4: வினா எழுப்பிய ஆசிரியை

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. பாடத்தை இந்த வாரம் முடித்தேன். நடந்ததைப் பகிர்ந்துகொள்வது கடமை என்று நினைக்கிறேன்.

வெங்காயத்துக்கு ஒரு பாடவேளை போதவில்லை, இரண்டு ஆயிற்று. ஹைட்ரில்லாவைப் பிள்ளைகளே பள்ளிக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலில் இருந்து கொண்டுவந்தார்கள். பச்சைப் பொட்டுகள் முதலில் நகரவில்லை. வெயிலில் கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பார்த்தபோது ஒரு செல்லில் நகர்வு தெரிந்தது, அதைப் பார்க்க 34 பேரும் வரிசையில் நின்றார்கள். நாலைந்து பேருக்கு முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அவர்களை மதிய இடைவேளையில் அழைத்துக் காட்டினேன்.

பெட்டிகளில் இரண்டு கசிந்துவிட்டன. பால் பாக்கெட் தாள்களை இணைத்த இடத்தில் ஒட்டுநாடாவை ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தார்கள், இரு பக்கமும் ஒட்டிய பெட்டிகள் நன்றாக இருந்தன. கசிந்த குழு அழுதுவிடுமோ என்று அஞ்சினேன். அவர்களோ, "செல்சவ்வு கிழிந்தால் செல் செத்துவிடும், டீச்சர், அதனால் நாங்கள் புதுச் செல் செய்கிறோம்" என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் புதிதாக வாங்க வேண்டியிருந்தவை கடல்பாசியும் பலூனும் மட்டுமே, மற்றவை எல்லாம் வீட்டிலிருந்து வந்தன.

விலகல் பட்டியல் எழுதச் சொன்னேன். சென்ற ஆண்டு வேப்பிலைக் கேள்விக்குத் தட்டை என்று சொன்ன வகுப்பைப் போன்றதே இந்த வகுப்பும். ஆனால் இவர்கள் எழுதியவற்றில் பேராசிரியர் ஐயா குறிப்பிடாத ஒன்றும் இருந்தது. "உண்மையான செல்லில் உள்ளே ஊர்ந்துகொண்டே இருக்கும், எங்கள் பெட்டியில் எல்லாம் உறைந்து நிற்கிறது" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள்.

அதே மாணவி பலூனைக் காட்டிக் கேட்ட கேள்விக்கு எனக்குச் சட்டென்று எளிய விடை கிடைக்கவில்லை. "பலூனுக்குள் நாங்கள் வாயால் ஊதினோம். செல்லுக்குள் தண்ணீரை யார் ஊதுகிறார்கள்?" என்றாள். திங்கட்கிழமை பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறேன். சவ்வூடு பரவல் என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் அவள் அதை மனப்பாடம் செய்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் இருந்துவிடுவாள் என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 5: ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர், மதுரை

அந்தச் சொல்லை இப்போது சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை காலையில் முதல் பாடவேளைக்கு முன்பே அந்த மாணவியை அழைத்து, நன்றாகச் சுருங்கிய உலர்திராட்சை ஆறு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்றை வெறும் தண்ணீரிலும், மூன்றைக் கெட்டியான சர்க்கரைப் பாகிலும் அவளே போடட்டும். பாகு நன்றாக ஆறியிருக்க வேண்டும். மதியம் வரை விட்டுவிட்டு, கடைசிப் பாடவேளையில் எடுத்து வகுப்பு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் கிடந்தவை உப்பியிருக்கும், பாகில் கிடந்தவை சுருங்கியே இருக்கும். யாரும் ஊதவில்லை, பிழியவும் இல்லை.

உள்ளே இனிப்பு மிகுந்து வெளியே வெறும் தண்ணீர் இருந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போயிற்று, வெளியேயும் இனிப்பு மிகுந்திருந்தால் என்ன ஆயிற்று என்று மட்டும் கேளுங்கள். நுண்குமிழின் சாற்றிலும் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருக்கின்றன என்பதை அதன் பிறகு சொல்லலாம். சுவர் தடுக்காவிட்டால் தண்ணீர் மேலும் மேலும் நுழைந்து சவ்வு வெடித்துவிடும் என்பதை அவள் பெட்டியிலிருந்தே ஊகித்துவிடுவாள். பல தாவரங்களின் செல்களுக்குள் உள்ள அழுத்தம் ஒரு காரின் சக்கரத்தில் அடைத்திருக்கும் காற்றின் அழுத்தத்தைவிட அதிகம் என்று சொன்னால் நம்பமாட்டாள், அதையும் சொல்லுங்கள்.

உலர்திராட்சையை வாங்கும்போது எண்ணெய் தடவாததாகப் பார்த்து வாங்க வேண்டும். எண்ணெய் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை அலசித் துடைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் மதியத்துக்குள் உப்பாது.